ஏலத்துக்கு வரும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: நம்பர் ஒத்துப்போனால் குழல் அசல்தானா?

கேள்வி – ஜூரோங் வெஸ்ட் வாசகர், 4 பிப்ரவரி 2023

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் என் மச்சானுக்கு ஷாட்கன் வைத்துக்கொள்ளும் சான்றிதழ் இருக்கிறது. அடுத்த மாதம் நடக்கப்போகும் ஏலம் ஒன்றில் பர்மிங்காம் தயாரிப்பு ஒன்றைக் குறிவைத்திருக்கிறார். 12 போர் (குழலின் உள்விட்ட அளவு), இரட்டைக்குழல், 1908-ல் செய்தது என்று பட்டியலில் போட்டிருக்கிறது. குழல், ஆக்‌ஷன் (பூட்டு வேலை இருக்கும் இரும்பு உடல்), முன்கட்டை (குழலின் அடியில் கை பிடிக்கும் கட்டை) மூன்றிலும் ஒரே நம்பர். அப்படியென்றால் குழல் மாற்றப்படவில்லை என்றுதானே அர்த்தம்? மச்சான் அப்படித்தான் அடித்துச் சொல்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 பிப்ரவரி 2023

நம்பர் ஒத்துப்போவது நல்லதுதான். அதை மட்டும் வைத்துக் குழல் அசல் என்று முடிவு கட்டக் கூடாது. பழைய துப்பாக்கிக்குப் புதுக் குழல் செய்து பொருத்தும் எந்தப் பட்டறையும் அந்தத் துப்பாக்கியின் நம்பரைத்தான் அதில் அடிக்கும். அதில் கள்ளத்தனம் எதுவும் கிடையாது. அந்தக் குழலை அந்த ஆக்‌ஷனுக்கென்றே அரம் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். வேறெதிலும் அது பொருந்தாது. அதனால் அதே நம்பர். இந்தக் குழல் எந்தத் துப்பாக்கிக்குச் சொந்தம் என்பதைத்தான் நம்பர் சொல்லும். குழலை எந்த வருஷம் செய்தார்கள் என்பதை அது சொல்லாது.

நான் சிங்கப்பூர் ஜூரோங்கில் டூல்ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை நம்பர் பஞ்ச் பெட்டி எங்கள் மேசை மேலேயே கிடக்கும். இரும்பில் ஐந்து இலக்கம் அடிப்பது ஒரு நிமிட வேலை. நல்ல நோக்கத்தோடும் அடிக்கலாம், கெட்ட நோக்கத்தோடும் அடிக்கலாம். பஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது.

காலத்தைச் சொல்வது புரூஃப் முத்திரை. இங்கிலாந்தில் துப்பாக்கிக் குழலை விற்பதற்கு முன்னால் வழக்கத்தைவிடக் கூடுதல் வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல், உப்பாமல் தாங்கினால் முத்திரை அடிப்பார்கள். லண்டனில் கன்மேக்கர்ஸ் கம்பெனி என்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-ல் சாசனம் பெற்றது. பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ், அதாவது சோதனைச்சாலை, 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. 1868-ல் இதற்கென்றே தனிச் சட்டம். அதன்பின் விதிகள் 1875, 1887, 1896, 1904, 1925, 1954 என்று மாறிக்கொண்டே வந்தன. விதி மாறும்போதெல்லாம் முத்திரையும் மாறியது. நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான்.

துப்பாக்கியை மடக்கிக் கழற்றினால் குழலின் அடியில், தோட்டா போகும் பின்பக்கம், தட்டையான ஓர் இடம் தெரியும். முத்திரைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஏல நிறுவனத்துக்கு எழுதி அந்த அடித்தட்டையின் படத்தை மட்டும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மேலிருந்து எடுத்த அழகான படம் நமக்கு வேண்டாம்.

5 பிப்ரவரி, இரவு

ஒன்று விட்டுப்போனது. 1908 பர்மிங்காம் என்றால் எதை எதிர்பார்க்க வேண்டும்? கிரீடத்தின் கீழ் பி.பி., கிரீடத்தின் கீழ் பி.வி. இவை 1904 விதியின் முத்திரைகள். புகையில்லா மருந்துக்குச் சோதித்திருந்தால் கிரீடத்தின் கீழ் என்.பி. இருக்கும். டைமண்ட் கட்டத்துக்குள் 12, அதன் கீழே சி என்ற எழுத்து. குழலின் உள்விட்டத்தைச் சொல்லும் 12 அல்லது 13/1 போன்ற ஓர் எண்.

கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்று மூன்று எழுத்து சேர்ந்தாற்போல இருந்து, பக்கத்தில் '3 டன்' என்று அழுத்தம் போட்டிருந்தால் அது 1954-க்குப் பிற்பட்டது. பழையதும் புதியதும் சேர்ந்து இருந்தால், பழைய குழல் பிற்காலத்தில் மறுபடி சோதனைக்குப் போய் வந்திருக்கிறது. புதியது மட்டும் இருந்து பழையது ஒன்றுகூட இல்லையென்றால், 1908 ஆக்‌ஷன் மேல் 1954-க்கு அப்புறம் செய்த குழல் உட்கார்ந்திருக்கிறது. அப்போது நம்பர் எவ்வளவு அழகாக ஒத்துப்போனாலும் அதுதான் தீர்ப்பு.

7 பிப்ரவரி 2023

பட்டியலில் 'புரூஃப் சரியாக உள்ளது' என்று எழுதியிருக்கிறார்களே, அது போதாதா என்று வாசகர் கேட்கிறார்.

போதாது. அது சட்டம் பற்றிய வாக்கியம். புரூஃப் அளவைத் தாண்டித் தேய்ந்துபோன துப்பாக்கியை அங்கே சுடுவதற்கென்று விற்பது குற்றம். அதனால் ஏலக்காரர்கள் உள்விட்டத்தை அளந்து பார்த்து இந்த வரியைப் போடுகிறார்கள். குழல் போன மாதம் செய்ததாக இருந்தாலும் புரூஃப் சரியாகத்தான் இருக்கும். புதிதாக இருந்தால் இன்னும் நன்றாகவே இருக்கும்.

10 பிப்ரவரி 2023

மகள் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஏலத்துக்கு முன்பு பொருளைப் பார்வைக்கு வைக்கும் நாட்களில் போய் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வாங்கும் எண்ணம் கிடையாது, வாங்கினாலும் இங்கே கொண்டுவர முடியாது. வேலைப்பாட்டைக் கையில் எடுத்துப் பார்க்கத்தான் போவேன். லேத்திலும் மில்லிங்கிலும் வாழ்க்கையைக் கழித்தவனுக்கு, மின்சாரம் இல்லாத காலத்தில் அரத்தையும் விளக்குக் கரியையும் வைத்துக்கொண்டு முடி அளவு இடைவெளி இல்லாமல் இரும்பை இரும்போடு சேர்த்திருப்பதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். அந்தக் கைவேலைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை, எது யார் செய்தது என்று உள்ளபடி சொல்வதுதான். குழல் மாற்றியதில் எனக்குக் குறை இல்லை. அதை மறைப்பதுதான் எனக்குப் பொறுக்காது.

கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது எடை எங்கே நிற்கிறது என்பதைத்தான். பழைய நல்ல இரட்டைக்குழல் கீல் பக்கத்திலேயே சமநிலை கொள்ளும். மாற்றுக் குழல் பல சமயம் சுவர் கனமாக இருக்கும், முன்பக்கம் தாழும். இது குறிப்பு மட்டும்தான், ஆதாரம் ஆகாது. 30 அங்குலக் குழலும் முன்னால் தாழத்தான் செய்யும்.

அடுத்து, செதுக்கு வேலை. பின்வாய் (தோட்டா போகும் முனை) ஓரத்தில் குழல் மேல் ஓடும் கொடிச் செதுக்கும் ஆக்‌ஷன் மேல் இருப்பதும் ஒரே கையா? ஒரே ஆழமா? ஆக்‌ஷனில் நூறு வருஷக் கைபட்டு ஓரமெல்லாம் மழுங்கிப்போய், குழலில் மட்டும் வெட்டு கூர்மையாக நின்றால் சந்தேகப்படலாம்.

அப்புறம் நம்பர். பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரே பஞ்ச் பெட்டியால் அடித்தால் ஒரே குறை திரும்பத் திரும்ப வரும். 3-இன் வால் தேய்ந்த பஞ்ச் என்றால் குழலிலும் ஆக்‌ஷனிலும் முன்கட்டை இரும்பிலும் அதே தேய்வு தெரியும். குழலில் மட்டும் 3 முழுசாக இருந்தால் அது வேறு பெட்டி, வேறு நாள். நம்பரைச் சுற்றி இரும்பு லேசாகக் குழிந்திருந்தால் பழைய நம்பரை அரைத்து எடுத்திருக்கிறார்கள்.

12 பிப்ரவரி 2023

படம் வந்துவிட்டது என்று வாசகர் மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். கிரீடம் பி.பி. இருக்கிறது, பி.வி. இருக்கிறது, என்.பி. இருக்கிறது. பக்கத்தில் பிற்கால பி.என்.பி., 3 டன் அடையாளமும் இருக்கிறது. 'ஐயா, நீங்கள் சொன்ன கணக்குப்படி பழைய குழலை மறுபடி சோதித்திருக்கிறார்கள், அசல்தான்!' என்கிறார்.

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். 5-ஆம் தேதி எழுதியது முழுசாக மாற்றிய குழலுக்கு. பாதி மாற்றிய குழல் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது.

அதற்குப் பெயர் ஸ்லீவிங். குழல் தேய்ந்தோ குழி விழுந்தோ போனால், பின்வாயிலிருந்து மூன்று நான்கு அங்குலம் விட்டு மீதியை வெட்டி எறிந்துவிடுவார்கள். மிச்சமான பின்துண்டைக் குடைந்து, அதற்குள் புதுக் குழாயைச் செருகி ஒட்டுவார்கள். அடித்தட்டை, கீல் கொக்கி, நம்பர், பழைய முத்திரை எல்லாம் அந்தப் பின்துண்டில்தான் இருக்கின்றன, அதனால் எல்லாம் அசலாகவே நிற்கும். ரவை ஓடும் குழாய் மட்டும் புதுசு. நீங்கள் படத்தில் பார்த்தது உண்மையான பழைய முத்திரைகள். அவற்றுக்கு முன்னால் இருக்கும் குழாயைப் பற்றி அவை எதுவும் பேசவில்லை.

இப்படிச் செய்தால் மறு சோதனை கட்டாயம். புரூஃப் ஹவுஸ் 'ஸ்லீவ்டு' என்ற சொல்லையும் குழலில் அடிக்க வைக்கும். இன்னும் மூன்று படம் கேளுங்கள். ஒன்று, பின்வாயிலிருந்து நான்கு அங்குலம் வரை, பக்கவாட்டிலிருந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி. குழலைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் ஒரு மெல்லிய கோடு தெரிகிறதா? இரண்டு, பின்வாயை நேராக. தோட்டா போகும் துளையைச் சுற்றி இன்னொரு வட்டம் தெரிகிறதா? மூன்று, அந்தச் சொல் எங்காவது இருக்கிறதா என்று அடியிலும் பக்கங்களிலும். ஏற்கெனவே வந்த படத்தில் விரல் மறைக்கிற இடம் ஒன்று இருக்கிறதே, அதையும் காட்டச் சொல்லுங்கள்.

12 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

டிக் வெல்டிங் வைத்து மூட்டிய ஸ்லீவில் வெளிக்கோடு தெரியாமல் போகலாம். பற்றவைத்து, அரம் போட்டு, கருநிறம் ஏற்றினால் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. அப்போது பின்வாய் வட்டத்தையும் அந்த ஒற்றைச் சொல்லையும்தான் நம்ப வேண்டியிருக்கும். நேரில் பார்த்தால் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். குளிர் அறையில் இருக்கும் துப்பாக்கி மேல் வாயால் ஊதினால் ஆவி படிந்து மறையும்போது மூட்டு சில சமயம் வேறு நிறமாகத் தெரியும். அப்படித் தெரிந்ததும் உண்டு, தெரியாமல் போனதும் உண்டு. இதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

15 பிப்ரவரி 2023

யீஷூனிலிருந்து எழுதிய தம்பிக்கு: பெரெட்டா துப்பாக்கியில் அந்த மோதிரக் கோடு தெரிந்தால் பதற வேண்டாம். அவர்கள் தொழிற்சாலையிலேயே பின்துண்டை ஒரே கட்டியாகச் செய்து அதில் குழாய்களைச் செருகுகிறார்கள். மோனோபிளாக் என்பார்கள். அங்கே கோடு இருப்பதுதான் அசல். கோட்டின் மேல் செதுக்கு வேலை போட்டு அழகுபடுத்தியும் இருப்பார்கள். 1908 ஆங்கிலத் துப்பாக்கியில் அதே கோடு வேறு கதை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. லண்டனின் உயர்தரத் துப்பாக்கிகளில் குழலும் அதன் அடியில் உள்ள கொக்கியில் பாதியும் ஒரே இரும்பாக அடிக்கப்பட்டிருக்கும். இரண்டு பாதிகள் நடுவில் சேரும். சாப்பர் லம்ப் என்று பெயர். கொக்கியின் நட்டநடுவே நீளவாக்கில் மெல்லிய கோடு தெரியும். அப்படிப்பட்ட கம்பெனியின் துப்பாக்கியில் கொக்கி தனித்துண்டாகப் பொருத்தப்பட்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். சாதாரண விலைத் துப்பாக்கிகளில் தனித்துண்டு வைப்பது வழக்கமே, அங்கே இந்தக் கேள்விக்கு இடமில்லை.

16 பிப்ரவரி 2023

அமெரிக்கத் துப்பாக்கி பற்றிக் கேட்டவருக்கு. வின்செஸ்டர் மாடல் 12 (1912-ல் வந்தது) இரண்டாகக் கழலும். குழல் பக்கத் துண்டிலும் ரிசீவரிலும் (பூட்டு வேலை இருக்கும் உடல்) ஒரே நம்பர் இருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மாற்று என்று உடனே சொல்லலாம். ஒத்துப்போனாலும் வேலை முடிவதில்லை, நம்பர் இருக்கும் வளையம் குழலிலிருந்து தனியாகக் கழலக்கூடியது. அதனால் குழல் மேல் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் டபிள்யூ.பி. என்று பின்னியிருந்தால் தொழிற்சாலையில் துப்பாக்கியோடு சேர்த்துச் சோதித்தது. நீள்வட்டத்துக்குள் வெறும் பி என்றால் தபால் வழியாகத் தனியாக விற்ற குழல்.

பார்க்கர் துப்பாக்கி இன்னும் சுவாரசியம். கனெக்டிகட்டில் மெரிடன் ஊரில் செய்தார்கள். குழலைச் சீவித் தேய்த்து முடிப்பதற்கு முன் இருந்த எடையை அடியில் பவுண்டு, அவுன்ஸ் கணக்கில் அடித்துவைப்பார்கள். அந்த எடை அடையாளமே இல்லாத பார்க்கர் குழலைப் பார்த்தால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். அமெரிக்காவில் பிரிட்டன் போல அரசாங்கச் சட்டப்படி புரூஃப் ஹவுஸ் கிடையாது, அதனால் கம்பெனியின் சொந்த அடையாளங்களைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

19 பிப்ரவரி 2023

மூன்று படமும் வந்தன. கோடு இருக்கிறது. இடது குழலில் தெளிவாக, வலது குழலில் கருநிறத்துக்கு அடியில் மங்கலாக. பின்வாயில் வட்டமும் தெரிகிறது. விரல் மறைத்திருந்த இடத்தில் 'ஸ்லீவ்டு' என்ற சொல் முழுசாக இருக்கிறது.

விரல் தற்செயலாக அங்கே இருந்திருக்கலாம். ஆனால் பட்டியல் எழுதியவர் அந்தச் சொல்லைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. உள்விட்டம் அளந்தவர் குழலைத் திருப்பிப் பார்க்காமலா அளந்தார்? பொருளின் நிலை பற்றித் தனியாக அறிக்கை கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு வரி, பொதுப் பட்டியலில் மௌனம். இது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல ஏல வீடுகள் பட்டியலிலேயே போட்டுவிடுகின்றன: ஸ்லீவ் செய்தது, அதே கம்பெனி புதுக் குழல் போட்டது, வேறொருவர் செய்த குழல், குறைந்தபட்ச சுவர் கனம் இத்தனை என்று. நார்ஃபோக்கில் இருக்கும் ஹோல்ட்ஸ் பட்டியலை எடுத்துப் பாருங்கள், எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அது பாடம்.

20 பிப்ரவரி 2023

'அப்படியானால் இது குப்பையா?' என்று மச்சான் கேட்டாராம்.

இல்லவே இல்லை. வாத்து சுடவோ களிமண் தட்டு சுடவோ வேண்டும் என்றால் ஒழுங்காக ஸ்லீவ் செய்த துப்பாக்கி மிக நல்ல பொருள். அசல் குழல் சுவர் இருபது தௌவுக்கு (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் பலரும் தொட யோசிப்பார்கள். இதில் சுவர் புதிது, கனம் தாராளம். 1908-ன் பூட்டு வேலையும் கட்டையும் கையில் கிடைக்கிறது. விலையும் அசலை விட நன்றாகக் கீழே நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், ஏலத்தில் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினால் நிற்காது. சேகரிக்க வாங்குகிறார் என்றால் விட்டுவிடச் சொல்லுங்கள். சுடுவதற்கு என்றால் உச்ச விலையை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏல நாளன்று எழுதக் கூடாது.

24 பிப்ரவரி 2023

கம்பெனியே போட்ட புதுக் குழல் பற்றி நேற்று ஒருவர் காரசாரமாக எழுதியிருந்தார், அதுவும் மாற்றுத்தானே, ஏன் இரட்டை நியாயம் என்று. கேள்வி நியாயமானது. யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

பெர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பாஸ் போன்ற லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் பழைய பேரேடுகளை வைத்திருக்கின்றன. நம்பரைச் சொல்லிக் கேட்டால், எந்த வருஷம் யாருக்காகச் செய்தது, அப்போது குழல் எத்தனை அங்குலம், எந்த இரும்பு என்று சொல்ல முடிகிறது. பின்னால் அதே கம்பெனி புதுக் குழல் போட்டிருந்தால் அதுவும் பல சமயம் பதிவில் இருக்கும். அந்தக் குழல் அந்தத் துப்பாக்கியின் சரித்திரத்தில் ஒரு பகுதி. செய்தவர்கள் அதே தரத்தில் வளர்ந்த கைகள். யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆகவே அசலுக்கு அடுத்த படியில் அதை வைப்பேன். அசலுக்குச் சமமாக வைக்க மாட்டேன். காரசாரமாக எழுதியவர் இந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

பேரேடு கிடைக்காதபோது ரிப் (இரண்டு குழலுக்கும் நடுவே மேலே ஓடும் பட்டை) மேல் இருக்கும் முகவரியைப் படியுங்கள். பெர்டி ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டிலிருந்து சவுத் ஆட்லி ஸ்ட்ரீட்டில் உள்ள ஆட்லி ஹவுஸுக்கு 1880களின் தொடக்கத்தில் மாறியது. 1870களின் நம்பர் உள்ள துப்பாக்கியின் குழலில் ஆட்லி ஹவுஸ் என்று செதுக்கியிருந்தால் அந்தக் குழல் கம்பெனி இடம் மாறிய பிறகு வந்தது. அதேபோல விட்வொர்த் எஃகுக் குழலின் அடியில் ஒரு கோதுமைக் கதிர்க்கட்டு முத்திரை இருக்கும். அது பரவலானது 1880 வாக்கில்தான். அதற்குப் பல ஆண்டு முந்தைய, டமாஸ்கஸ் குழலோடு (இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த, வரி தெரியும் குழல்) விற்றிருக்க வேண்டிய துப்பாக்கியில் கதிர்க்கட்டைப் பார்த்தால் மாற்று என்று எழுதிக்கொள்ளலாம்.

சோக் என்பது முன்வாயில் குழல் சற்றே சுருங்குவது. அதைப் பற்றிய எழுத்தும் தேதி சொல்லும். 1875 விதியில் சோக் உள்ள குழலில் 'நாட் ஃபார் பால்' என்று அடித்தார்கள், உருண்டைக் குண்டு போடாதே என்ற எச்சரிக்கை. 1887-ல் அதை எடுத்துவிட்டு 'சோக்' என்று மட்டும் அடிக்கத் தொடங்கினார்கள். 1895-ல் செய்த துப்பாக்கியில் 'நாட் ஃபார் பால்' இருந்தால், அதைவிடப் பழைய குழல் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது. குழல் புதுசாகத்தான் மாறும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

25 பிப்ரவரி 2023

டமாஸ்கஸ் வரிகளைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றி அடித்த உண்மையான டமாஸ்கஸில் வரி இரும்பின் உள்ளேயே இருக்கும். அடித்தட்டையிலும் முன்கட்டைக்குக் கீழேயும் தொடரும். சாதாரண எஃகுக் குழல் மேல் அமிலத்தால் வரி அச்சடித்தவையும் பழைய காலத்தில் நிறைய விற்றன. வெளியே தெரியும் இடத்தில் மட்டும் வரி, முன்கட்டையைக் கழற்றினால் வெறும் இரும்பு என்றால் அது மேல்பூச்சு.

28 பிப்ரவரி 2023

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். ஜோகூர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர், வெள்ளைக்கார மேனேஜர் காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த துப்பாக்கியில் கல்கத்தா பெயர் இருந்ததே, ஆனால் முத்திரை பர்மிங்காம் என்கிறார்களே, அது மாற்றுக் குழலா என்று கேட்டிருக்கிறார்.

அவசியமில்லை. கல்கத்தா மான்டன், மெட்ராஸ் ஓக்ஸ் போன்ற பெயர்கள் விற்ற கடையின் பெயராகவே பெரும்பாலும் இருக்கும். செய்தது பர்மிங்காம், விற்றது இந்தியா. பெயரும் முத்திரையும் வேறு வேறு ஊராக இருப்பது அந்தத் துப்பாக்கிகளில் இயல்பு. நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்று இருந்தால் பெல்ஜியத்தில் லீஜ் ஊரின் சோதனை. ஆக்‌ஷனில் ஓர் ஊர், குழலில் இன்னோர் ஊர் என்றால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இந்த ஊரிலும் அந்தக் காலத்தில் துப்பாக்கிக்கு வேலை இருந்தது. 1902-ல் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கிய புலியை ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷன் தலைமை ஆசிரியர் சுட்டார். இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் குளிர்சாதனத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

1 மார்ச் 2023

ஏலத்தில் வாங்கி சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருப்பதைப் பார்த்துப் பதறிப்போனேன். வேண்டாம். பழசு, அலங்காரத்துக்கு, தோட்டா கிடையாது, குழல் மட்டும்தான் என்று எந்தக் காரணமும் இங்கே காரணம் ஆகாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ அதன் பாகத்தையோ வைத்திருப்பது கடும் குற்றம். எதைக் கேட்பதாக இருந்தாலும் வாங்குவதற்கு முன்பே காவல்துறையின் உரிமப் பிரிவில் கேளுங்கள். நான் இத்தனை காலமாகப் பட்டியலும் படமும் பார்வை நாட்களும் வைத்துத்தான் இந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறேன். அதிலேயே கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது.

9 மார்ச் 2023

ஏலம் முடிந்துவிட்டது. மச்சான் தாளில் எழுதிய விலையோடு நின்றுவிட்டார். வேறொருவர் அசல் குழலுக்குக் கொடுக்க வேண்டிய விலையைக் கொடுத்து எடுத்துப் போனாராம். அவர் அடித்தட்டையைப் பார்த்தாரா, அந்தச் சொல்லைப் படித்தாரா என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தெரிந்தே கொடுத்திருந்தால் சந்தோஷம்.

14 மார்ச் 2023

வெட்டிக் குட்டையாக்கிய குழலைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. மாற்றுக் குழலைவிட இது அதிகமாகக் கண்ணில் படும்.

முன்வாயை நேராகப் பாருங்கள். அசல் நீளத்தில் இரண்டு குழலும் முன்வாயில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டோ தொடுவதுபோலவோ இருக்கும். சில அங்குலம் வெட்டினால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி திறந்துவிடும், அதை ஈயம் வைத்து அடைத்திருப்பார்கள். சோக்கும் வெட்டோடு போய்விடும். உள்விட்டத்தை அளந்தால் முன்வாயில் சுருக்கம் இருக்காது. ரிப்பின் நடுவில் இருக்க வேண்டிய பெயரும் முகவரியும் முன்பக்கம் தள்ளி நிற்பதுபோல் தெரியும். 1890களின் துப்பாக்கி 30 அல்லது 28 அங்குலத்தில் வருவது வழக்கம். 26 என்றால் முன்வாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ராபர்ட் சர்ச்சில் பிரபலப்படுத்திய 25 அங்குலத் துப்பாக்கிகள் பிறந்தபோதே குட்டை, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

லைனிங் செய்தவையும் உண்டு. பழைய குழலின் உள்ளே மெல்லிய எஃகுக் குழாய் இறக்குவார்கள். வெளியே அசல், டமாஸ்கஸ் வரிகூட அப்படியே நிற்கும். முன்வாயில் மெல்லிய வட்டம் தெரியலாம். இதற்கும் மறு சோதனை முத்திரை உண்டு. அழகைக் காப்பாற்றிக்கொண்டு சுடவும் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்லீவைவிட இதுவே நல்லது என்பது என் எண்ணம். விலை கூட.

22 மார்ச் 2023

ஜூரோங் வெஸ்ட் வாசகர் மறுபடி வந்திருக்கிறார். மே மாத ஏலத்தில் 1920களின் பாக்ஸ்லாக் (பூட்டு வேலை உடலுக்குள்ளேயே அடங்கிய வகைத் துப்பாக்கி) ஒன்று, பர்மிங்காம். இந்த முறை நான் கேட்கும் முன்பே அடித்தட்டை, பின்வாய், பக்கவாட்டு நான்கு அங்குலம், முன்வாய் என்று படம் எல்லாம் அனுப்பிவிட்டார். விரல் எதையும் மறைக்கவில்லை.

கோடு இல்லை, பின்வாயில் வட்டம் இல்லை, முன்வாய் தொட்டுக்கொண்டிருக்கிறது. பி.பி., பி.வி., என்.பி. மூன்றும் இருக்கின்றன. பிற்கால அடையாளம் ஒன்றுமில்லை. 1921 முதல் பர்மிங்காமில் சிறு குறி ஒன்றுக்குள் ஆண்டுக்கு ஓர் எழுத்து சேர்த்து அடித்தார்கள். இதில் அந்தக் குறி இருக்கிறது, எழுத்துதான் மங்கல். மெல்லிய காகிதத்தை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த எழுத்தும் நம்பரை வைத்துத் துப்பாக்கிக்குச் சொல்லும் வருஷமும் ஒத்துப்போனால், அப்புறம் சுவர் கனத்தை மட்டும் கேட்டால் போதும், நான் சந்தோஷமாகச் சரி என்று சொல்வேன்.